அனுமதி கேட்ட தம்பி

அலுவலகத்தில் அவருக்குத் துடிப்பு என்று பெயர். ஆள் ரொம்பத் துடிப்பானவர் போலிருக்கிறது என்று யாரும் அவசரப்பட வேண்டாம். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தாரென்றால் மதியச் சாப்பாட்டுக்கு யாராவது வந்து தோளைத் தட்ட வேண்டும். மாடிப்படி ஏறும்போது பின்னால் வருகிறவர்கள் எல்லாம் அவரைத் தாண்டிக்கொண்டு போய்விடுவார்கள். பெயர் வந்தது வேலையால்.

அவர் வேலை பார்க்கும் நிறுவனம் கைப்பேசிகளுக்கு இடையில் மெசேஜ்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் செர்வர்களை நடத்துகிறது. மெசேஜ் சேர்ப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி, யார் இருக்கிறார், யார் இல்லை என்று சொல்வது. உங்கள் சட்டைப்பையில் கிடக்கும் போன் சில நிமிடங்களுக்கு ஒரு தரம், உங்களைக் கேட்காமலே, "இருக்கேன்" என்று செர்வருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிடும். இதயத்துடிப்பு என்று அதற்குப் பெயர். அது வந்துகொண்டிருக்கிறவரை உங்களைத் தெரிந்தவர்களின் போனில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். வராமல் போனால் செர்வர் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கும், அப்புறம் புள்ளியைச் சாம்பல் நிறமாக்கிவிடும். எவ்வளவு நேரம் பொறுப்பது, எப்போது கைவிடுவது, மறுபடி வந்தால் யார் யாருக்குச் சொல்வது என்கிற சட்டதிட்டங்களை எழுதுவதும், அவை ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்ப்பதும்தான் துடிப்பின் பிழைப்பு.

"உலகத்துல எவன் இருக்கான் எவன் இல்லைன்னு எல்லாம் உங்களுக்குத் தெரியும். சமையல்கட்டுல ஒருத்தி இருக்கிறது மட்டும் தெரியாது" என்பாள் அவர் மனைவி. துடிப்பு சிரித்துக்கொள்வார். அவள் சொல்வதில் தப்பும் இல்லை.

இந்த வேலையில் அவருக்கு இருந்த வெறி கூட வேலை செய்கிறவர்களுக்குப் புரிந்ததே இல்லை. மெசேஜ் தாமதமாகப் போனது என்று புகார் வந்தால் நிதானமாகப் பார்ப்பார். இல்லாத ஆளுக்குப் பச்சை எரிந்தது என்று ஒரே ஒரு புகார் வந்தால் போதும், சோறு தண்ணி மறந்துவிடுவார். எதனால் எரிந்தது, யாரால் எரிந்தது என்று கண்டுபிடிக்காமல் இடத்தை விட்டு எழமாட்டார். "ஒரு புள்ளிதானே சார், விடுங்க" என்று பக்கத்து மேஜைக்காரர் ஒருமுறை சொல்லிவிட்டு, துடிப்பின் முகத்தைப் பார்த்ததும் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டார்.  அந்த வெறிக்குக் காரணம் சொல்வதென்றால் அண்ணனிலிருந்து தொடங்க வேண்டும்.

அண்ணன் வெல்டர். அப்பா போனபோது தம்பிக்கு அரைக்கால் சட்டை போடுகிற வயசு. அண்ணனுக்கு அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. பள்ளிக்கூடப் பையை மூலையில் வைத்துவிட்டு, கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிற ஒரு பட்டறையில் போய்ச் சேர்ந்துகொண்டார். நெருப்புப் பொறி பட்டு அவருடைய சட்டையெல்லாம் பொத்தல். "காத்தோட்டமா இருக்கு" என்பார். தம்பியை மட்டும் பட்டறைப் பக்கம் விடவே மாட்டார். வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்தால் கண் கெட்டுப்போகும், அது படிக்கிற கண் என்பது அவர் கட்சி. தம்பி உட்கார்ந்து படிக்கும்போது எதிரே சுவரில் சாய்ந்துகொண்டு, ஒரு எழுத்தும் புரியாமல், ஏதோ சினிமா பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார். தம்பி பரீட்சையில் தேறினால் பட்டறையில் மார்தட்டிக்கொள்வது அவர்தான். "பெத்தது அப்பா, ஆளாக்கினது அண்ணன்" என்று துடிப்பு இன்றைக்கும் சொல்வார்.

வேலை கிடைத்ததும் தம்பி செய்த முதல் காரியம் அண்ணனுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தது. ஆனால் அண்ணனின் கட்டைவிரல் ஒரே நேரத்தில் மூன்று பட்டன்களை மூடும். 'சரி' என்று அடிக்கப் போனால் ஒரு ஊர்வலமே வந்து நிற்கும். ஆகவே தம்பி அவருக்கு ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்லிக் கொடுத்தார்.

"இங்க பாருங்கண்ணா. என் பேருக்குப் பக்கத்துல பச்சை எரிஞ்சா நான் இருக்கேன்னு அர்த்தம். நீங்க எதுவும் எழுத வேண்டாம். பச்சை எரியறப்ப கூப்பிடுங்க, ஓடி வந்துடுவேன்."

பேச்சுவாக்கில் சொன்ன வார்த்தை. அண்ணன் அதைக் கல்லில் வெட்டிய எழுத்தாக எடுத்துக்கொண்டார்.

ஒரு நாள் மதியம், அண்ணன் வீட்டிலிருந்த அம்மாவுக்குத் திடீரென்று மூச்சு இழுத்தது. அண்ணி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போயிருந்தாள். அண்ணன் தனியாக அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். எடுக்கவில்லை. பச்சைப் புள்ளி மட்டும் பளிச்சென்று எரிந்தது. அந்தத் தடித்த விரலை வைத்துக்கொண்டு, அடித்து அழித்து அடித்து, வாழ்நாளில் முதல் மெசேஜை அனுப்பினார்: 'அம்மாவுக்கு முடியல வா'. அதற்கும் பதில் இல்லை. பச்சை அணையவும் இல்லை.

அந்த நேரத்தில் தம்பி அலுவலகத்தின் சோதனை அறைக்குள் இருந்தார். சுவர், கூரை, கதவு எல்லாம் உலோகத் தகடு அடித்த அறை அது. வெளியிலிருந்து ஒரு சிக்னலும் உள்ளே நுழையாது. புதுப் போன்களை அங்கே வைத்துத்தான் சோதிப்பார்கள். அன்றைக்குச் சோதனைக்கு ஒரு நம்பர் குறைந்தது. அதனாலென்ன என்று தன்னுடைய சொந்தப் போனையே வெளியே மேஜையில் ஒரு மெஷினோடு இணைத்து, சத்தத்தை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த மெஷினின் வேலை, அவருக்குப் பதிலாக "இருக்கேன், இருக்கேன்" என்று சலிக்காமல் சொல்லிக்கொண்டிருப்பது. அவர் வெளியே வந்தபோது சாயங்காலம். அம்மா அதற்குள் போய்விட்டாள்.

ஆஸ்பத்திரிக்கு ஓடிப் போனபோது வாசலில் அண்ணன் நின்றிருந்தார். "பச்சை எரிஞ்சுதுடா. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். நீ இருந்தே. இருந்துக்கிட்டே வரல."

அந்த இடத்தில் காலைக் கட்டிக்கொண்டு அழுதிருக்க வேண்டும். படித்த புத்தி விடுமா? "அது நான் இல்லண்ணா, மெஷின். டெஸ்டுக்காக போனை அதுல மாட்டியிருந்தேன். மெஷின் துடிப்பு அனுப்பினா செர்வருக்கு வித்தியாசம் தெரியாது..." என்று விளக்க ஆரம்பித்தார் தம்பி. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். அண்ணன் முழுசையும் கேட்டார். "நல்லா விளக்குறே. போ" என்றார். அதோடு பேச்சு நின்றது.

ஆறு கடக்கிறவரைக்கும் அண்ணன் தம்பி என்பார்கள். இவர்கள் பெரிய ஆற்றையெல்லாம் கைகோத்துக் கடந்துவிட்டுக் கணுக்கால் தண்ணீரில் முழுகினார்கள். தம்பி போன் செய்தால் அண்ணன் எடுக்கமாட்டார். ஒருமுறை நேரில் போனார். இவர் கிளம்பிப் போகிறவரை அண்ணன் பட்டறையை விட்டு வரவில்லை. முதலில் தம்பிக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் ஆறினதும் ரோஷம் வந்தது. ரோஷம் வந்த பிறகு வருஷங்கள் போவது தெரியுமா?

இருந்தாலும் அண்ணன் பெயர் தம்பியின் போனில் இருந்தது. பச்சை எரியும், அணையும், மறுபடி எரியும். பட்டறைக்குத் தகரக் கூரை. உள்ளே போனால் சிக்னல் போய்விடும், வெளியே வந்தால் வந்துவிடும். புள்ளி கண் சிமிட்டிக்கொண்டே இருந்தால் அண்ணன் வேலையில் இருக்கிறார் என்று அர்த்தம். துடிப்பு அதைப் பார்த்துவிட்டுத்தான் காலையில் தன் வேலையைத் தொடங்குவார்.

அப்புறம் ஒரு நாள் அந்த வரி வந்தது. மெசஞ்சரில் அவரவர் பெயருக்குக் கீழே ஒரு சின்ன வரி எழுதி வைத்துக்கொள்ளலாம். மீட்டிங்கில் இருக்கிறேன், வண்டி ஓட்டுகிறேன் என்று ஏதாவது. அண்ணன் பெயருக்குக் கீழே அதுவரை ஒன்றும் இருந்ததில்லை. அன்றைக்கு இருந்தது: 'மழை. பட்டறை லீவு.'

துடிப்பு அதை நின்றுகொண்டே படித்தார். அப்புறம் உட்கார்ந்து படித்தார். அந்தக் கட்டைவிரலா இதை அடித்தது என்று நினைத்தபோதே நெஞ்சு இளகிவிட்டது. ரொம்ப யோசித்துத் தன் பெயருக்குக் கீழே ஒரு வரி எழுதினார்: 'இங்கேயும் மழை.'

கொஞ்ச நாளில் அண்ணன் வரி மாறியது: 'பெரியவளுக்குக் கண்ணாடி போட்டாச்சு.' இவர் எழுதினார்: 'எனக்கும் போட்டாச்சு.' அங்கே 'குழாயில தண்ணி வரல' என்றால் இங்கே 'இங்கே வருது'. 'சின்னவ ஓட்டப்பந்தயத்துல ரெண்டாவது.' 'சபாஷ்.' இப்படியே போயிற்று. அண்ணன் மகள்கள் வளர்ந்தது, வீட்டுக்கு வெள்ளையடித்தது, அண்ணிக்கு முழங்கால் வலி வந்தது, எல்லாம் அவருக்கு அந்த ஒற்றை வரியில்தான் தெரியும்.

"ரெண்டு பேரும் என்ன, சுவத்துல எழுதி விளையாடுறீங்களா? நேரா ஒரு மெசேஜ் போட்டா விரல் தேஞ்சுடுமா?" என்று கேட்டாள் மனைவி.

"மெசேஜ்னா பதில் சொல்லணும். சொல்லலைன்னா அவமானம். இதுல யாரும் யாருக்கும் எழுதலை. எழுதி வெச்சிருக்கோம், அவ்வளவுதான்" என்றார் துடிப்பு.

"உங்க வீட்டுல எல்லாருக்குமே இப்படித்தானா, இல்ல உங்க ரெண்டு பேருக்கு மட்டுமா?" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

இப்படி நூலில் தொங்கிக்கொண்டிருந்த உறவுக்குத்தான் கத்திரி வந்தது. கொண்டுவந்தவர் அலுவலக மேலாளர். எதையும் நேற்றைக்கே முடித்திருக்க வேண்டும் என்பவர், அதனால் அவருக்கு 'அவசரம்' என்று பெயர். மெசஞ்சரில் யாருடைய நம்பர் யாரிடம் இருந்தாலும், இவர் இருக்கிறாரா இல்லையா என்று அவர் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்றுதான் அதுவரை விதி. வேண்டாத ஆட்கள் எல்லாம் வேவு பார்க்கிறார்கள் என்று புகார் குவிந்தது. புது விதி போட வேண்டும் என்றார் அவசரம். பழைய தொடர்பு எல்லாவற்றையும் ஒரே நாளில் அறுத்துவிடுவது. யாரைப் பார்க்க வேண்டுமோ அவரிடம் புதிதாகக் கேட்பது. அவர் போனில் மணி அடிக்கும், 'இன்னார் நீங்கள் இருப்பதைப் பார்க்க விரும்புகிறார்' என்று வரும், கீழே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சொல்: அனுமதி, மறுப்பு. மறுப்பை அழுத்திவிட்டால் முடிந்தது கதை. அந்த ஆள் அப்புறம் எந்தக் காலத்திலும் கேட்க முடியாது.

நியாயமான விதிதான். துடிப்பு மனசார ஒப்புக்கொண்டு, உட்கார்ந்து வரி வரியாக எழுதினார். நல்ல மனசோடு இன்னொன்றும் சேர்த்தார். கேட்ட நேரத்தில் அந்தப் போன் அணைந்து கிடந்தாலோ, பார்த்துவிட்டுப் பதில் சொல்ல மறந்தாலோ, பாவம், கேட்டவன் கதி என்ன? ஆகவே பதில் வராத வேண்டுகோளை, அந்தப் போன் எப்போதெல்லாம் நெட்வொர்க்குக்குத் திரும்பி வருகிறதோ அப்போதெல்லாம் மறுபடி கொடுக்க வேண்டும். சோதனை அறையில் போனை அணைத்து, போட்டுப் பார்த்தார்கள். மணி அடித்தது. சபாஷ் என்றார் அவசரம்.

கடைசி வரியை எழுதி முடித்தபோதுதான் துடிப்புக்கு உறைத்தது, இந்தச் சட்டம் தனக்கும் சேர்த்துத்தான் என்று. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை. கேட்காமல் இருந்தால் புள்ளியும் போச்சு, வரியும் போச்சு. கேட்டு, அண்ணன் மறுப்பை அழுத்திவிட்டால், அது இந்த ஜென்மத்துக்கான முடிவு. அதை மாற்ற இவராலேயே முடியாது. முடியாதபடி பூட்டியதும் இவர்தான்.

விதி மாறின அன்று காலையில் அவர் போனில் எல்லாப் பெயர்களும் சாம்பல் நிறத்தில் கிடந்தன. மனைவிக்கு ஒரு வேண்டுகோள் அனுப்பினார். உடனே அனுமதி வந்தது, கூடவே ஒரு மெசேஜும்: 'மறுப்பை அழுத்திப் பாக்க ரொம்ப ஆசையா இருந்துச்சு.' அண்ணன் பெயருக்குக் கீழே வெறுமையாக இருந்தது. எத்தனையோ வருஷம் கழித்து அந்த இடத்தை வெறுமையாகப் பார்த்தவர், அதை விரலால் ஒருமுறை துடைத்துப் பார்த்தார். அலுவலக நடைபாதையில், குடிதண்ணீர் வைத்திருக்கும் இடத்தில் நின்றுகொண்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு தரம் அழுத்தினார்.

மதியம்வரை பதில் இல்லை. மதியத்துக்கு மேலும் இல்லை. செர்வரில் போய்ப் பார்த்தால் அண்ணன் போனில் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். பிறர் கணக்கை எட்டிப் பார்க்கக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி, அதை அவர் ஒரு நாளும் மீறியதில்லை. அன்றைக்கும் மீறவில்லை. மறுப்பு வரவில்லை, அதுவரைக்கும் சரி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மூடினார்.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது. அண்ணன்.

"டேய்."

தம்பி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"டேய், எத்தனை தடவைடா கேப்பே? காலையில இருந்து விடாம அடிக்கிறே. பட்டறைக்கு வெளிய வந்தா மணி. டீ குடிக்க வந்தா மணி. கம்பி எடுக்க வந்தா மணி. கேட்டைத் தூக்கி வண்டியில ஏத்துறேன், பையில மணி. நீ மனுஷனா, கடிகாரமா?"

துடிப்புக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. தகரக் கூரை. உள்ளே போனால் சிக்னல் போகும், வெளியே வந்தால் வரும். வந்த ஒவ்வொரு தடவையும் அவர் எழுதிய விதி கடமை தவறாமல் அண்ணன் முன்னால் போய் நின்று, 'உங்கள் தம்பி நீங்கள் இருப்பதைப் பார்க்க விரும்புகிறார்' என்று கேட்டிருக்கிறது. போனை ஒரே ஒரு தரம் அணைத்துப் போட்டுச் சோதித்தவர்களுக்கு, நாள் முழுக்க உள்ளேயும் வெளியேயும் போகிற மனிதர் ஒருவர் இருப்பார் என்று தோன்றவில்லை. இத்தனை வருஷமாக அந்தப் புள்ளி சிமிட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கும் தோன்றவில்லை. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இங்கே அம்மி நகர்ந்தேவிட்டது.

"அண்ணா, நான் ஒரு தடவைதான்..." என்று ஆரம்பித்தார். சிக்னல், நெட்வொர்க், விதி என்று முழு விளக்கமும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதை அப்படியே விழுங்கினார்.

"ஆமாண்ணா. கேட்டுக்கிட்டேதான் இருந்தேன்."

சொன்னபிறகு பார்த்தால், அதில் பொய்யும் இல்லை.

 அண்ணன் கேட்டார்: "ஏன்டா, தம்பி அண்ணனைப் பாக்கறதுக்கு அனுமதி வாங்கணுமா? எவன்டா இப்படி ஒரு சட்டம் போட்டவன்?"

"நான்தாண்ணா."

முதலில் இருமல் மாதிரிதான் கேட்டது. அண்ணன் சிரிக்கிறார் என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அதானே பாத்தேன். வேற எவனுக்கு இந்த மூளை வரும்!"

"அனுமதியை அழுத்தியிருந்தா அப்பவே நின்னிருக்கும்ணா."

"எப்படிடா அழுத்துவேன்? ஒட்டிக்கிட்டு மறுப்புன்னு வேற வெச்சிருக்கே. என் விரல் என்ன அகலம்னு உனக்குத் தெரியாதா? தவறிப் பட்டுட்டா? வீட்டுக்குப் போய் உங்க அண்ணிகிட்ட கொடுக்கலாம்னு நாள் பூரா அதைத் தொடாம தூக்கிக்கிட்டு அலையறேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஞாயித்துக்கிழமை வா. பொண்டாட்டியையும் கூட்டிட்டு வா" என்று வைத்துவிட்டார்.

பஸ் வந்து நின்று போய்விட்டது. பக்கத்தில் நின்ற அம்மாள், "ஏம்ப்பா, துக்க செய்தியா?" என்று கேட்டாள். "இல்லம்மா, எங்க அண்ணன்" என்றார் துடிப்பு, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மறுநாள் காலையில் அலுவலகம் ரணகளமாக இருந்தது. தகரக் கூரை இவர் அண்ணனுக்கு மட்டுமா இருக்கிறது? சுரங்கப் பாதையில் போகிறவர்கள், லிப்டில் ஏறி இறங்குகிறவர்கள் எல்லாரும் புகார் செய்திருந்தார்கள். மாமியார் தன்னிடம் நாள் முழுக்க அனுமதி கேட்டதாக ஒரு மருமகன் பத்தி பத்தியாக எழுதியிருந்தார். "இது யார் வேலை?" என்று அவசரம் குதித்தார். "என் வேலைதான் சார்" என்றார் துடிப்பு. முகம் கல்யாண வீட்டு முகமாக இருந்தது. இவ்வளவு சந்தோஷமாகத் திட்டு வாங்கிக்கொண்ட ஆளை அவசரம் தன் சர்வீஸில் பார்த்ததில்லை. திட்டுவதை நிறுத்திவிட்டு, "உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று விசாரித்தார். உட்கார்ந்த இடத்திலேயே துடிப்பு விதியைத் திருத்தினார். எத்தனை தரம் வந்து போனாலும் ஒரு நாளில் ஒரே ஒரு தரம் மணி அடித்தால் போதும், அதுவும் காலையில்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு போனபோது அண்ணன் வீட்டுக் கதவைத் திறந்தது கண்ணாடி போட்ட பெரியவள். "சித்தப்பா" என்று அவள் சொன்னதும் துடிப்புக்குப் பாதி உயிர் வந்துவிட்டது. அண்ணனுக்குத் தலை நரைத்திருந்தது. சட்டையில் அதே பொத்தல்கள். மகள்கள் சித்தியோடு வாசலில் பேச உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணனும் தம்பியும் உள்ளே எதிரெதிரே உட்கார்ந்து, மின்விசிறி சத்தம் போடுவதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார்கள். அப்புறம் அண்ணன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அன்னிக்கு அம்மா உன்னைக் கேக்கலைடா. அம்மாவுக்கு நினைவே இல்ல. கேட்டது நான்தான். தனியா இருந்தேன், பயமா இருந்துச்சு."

தம்பி எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

கொஞ்சம் கழித்து, இறுக்கத்தை மாற்றுவதற்காக, "இருந்தாலும் நீங்க இவ்வளவு நல்லா டைப் அடிக்கக் கத்துக்குவீங்கன்னு நான் நினைக்கலைண்ணா" என்றார்.

"எதை?" என்றார் அண்ணன்.

"அதான், பேருக்குக் கீழ எழுதுவீங்களே. மழை, கண்ணாடி, குழாய்ல தண்ணி..."

அண்ணன் முழித்தார். உள்ளே ஏதோ பாத்திரம் தடாலென்று விழுந்தது. "தம்பி, இந்த டப்பா மூடி திறக்க வரல, கொஞ்சம் வாங்க" என்று அண்ணி கூப்பிட்டாள்.

சமையலறையில் திறக்க வேண்டிய டப்பா எதுவும் இல்லை. அண்ணி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அவருக்கு அங்க எழுதலாம்னே தெரியாது தம்பி. நான்தான் எழுதினேன். குளிக்கப் போறப்ப போனைச் சார்ஜ்ல போடுவார் இல்ல, அப்ப."

துடிப்பு அடுப்பு மேடையில் கையை ஊன்றிக்கொண்டார்.

"நேரா உங்களுக்கு எழுதினா, அவரைக் கேக்காம நானா செய்யறேன்னு அவருக்குக் கோவம் வரும். உங்களுக்கும் ரோஷம் வரும். அதான் பொதுவா எழுதி வெச்சேன். நீங்க பதிலுக்கு எழுதினீங்களா, அதைச் சாப்பாடு போடறப்ப படிச்சுக் காட்டுவேன். 'உங்க தம்பிக்கும் கண்ணாடியாம்'னு. காதுலயே விழாத மாதிரி சாப்பிட்டுக்கிட்டு இருப்பார். ஆனா ஏதாவது ஒரு நாள் நீங்க எதையும் மாத்தாம விட்டுட்டா, கை கழுவப் போறப்ப, திரும்பிப் பாக்காம கேப்பார் தம்பி. 'ஏய், இன்னிக்கு ஒண்ணும் இல்லையா?'"

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். சதை ஆடியது சரி, அதற்கு இத்தனை வருஷம் தாளம் போட்டது, முழங்கால் வலியோடு நிற்கிற இந்த அண்ணி அல்லவா? துடிப்புக்கு அவள் காலில் விழ வேண்டும் போலிருந்தது. "அண்ணி, நீங்க இல்லன்னா எனக்கு அண்ணனே இல்ல. இந்த நன்றியை நான் எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றார்.

"நன்றி இருக்கட்டும். 'தண்ணி வரல'ன்னு எழுதினா 'இங்கே வருது'ன்னா எழுதுவீங்க? படிச்சுக் காட்டினப்ப எனக்கு வந்துச்சே ஒரு கோவம்!" என்று அண்ணி முந்தானையால் கண்ணையும் சிரிப்பையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டாள்.

எல்லாரும் சாப்பிட்ட பிறகு, "அந்தப் போனைக் கொடுங்க, என் விரல் சின்னதுதான், அனுமதியை அழுத்திடறேன்" என்று அண்ணி கையை நீட்டினாள்.

அண்ணன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "அழுத்தினா என்ன ஆகும்?" என்று தம்பியைக் கேட்டார்.

"மணி அடிக்கிறது நின்னுடும்ணா. நீங்க இருக்கீங்களான்னு நான் பாத்துக்கலாம்."

"நின்னுடுமா?" அண்ணன் யோசித்தார். "அப்ப வேண்டாம். யாரும் அதுல கை வைக்காதீங்க."

இன்றுவரை யாரும் கை வைக்கவில்லை. செர்வர் கணக்குப்படி, தன் அண்ணன் இருக்கிறாரா என்று பார்க்கத் துடிப்புக்கு அனுமதி கிடையாது. அவர் போனில் அந்தப் பெயர் சாம்பல் நிறத்திலேயே கிடக்கிறது. காலையில் அண்ணன் பட்டறைக்குக் கிளம்பும் நேரத்துக்கு அங்கே ஒரு மணி அடிக்கிறது. அடித்த கையோடு இங்கே போன் வருகிறது.

"கேட்டுட்டேடா. இருக்கேன். சொல்லு."